பகா எண்களைத் துரத்திய துறைமுகக் குமாஸ்தா

திருத்தணி மலைக்குப் படி ஏறிப் போனவர்களுக்கு ஒரு கேள்வி. மொத்தம் எத்தனை படிகள்?

365 என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆண்டுக்கு எத்தனை நாளோ, மலைக்கு அத்தனை படி.

இன்னொரு கேள்வி. அந்த 365 படிகளையும் மிச்சம் இல்லாமல் சம பங்காகப் போட முடியுமா?

முடியும். பங்குக்கு 73 படி வைத்தால் 5 பங்கு வரும். பங்குக்கு 5 படி வைத்தால் 73 பங்கு வரும். இரண்டே இரண்டு படி கூடுதலாகக் கட்டியிருந்தால் 367 ஆகியிருக்கும். அப்போது எந்தக் கெட்டிக்காரராலும் சம பங்கு போட்டிருக்க முடியாது. எப்படிப் பிரித்தாலும் மிச்சம் நிற்கும்.

அப்படிப் பங்கு போட முடியாத எண்ணுக்குப் 'பகா எண்' என்று பெயர்.

தறி சொல்லும் கணக்கு

திருத்தணிக்கு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது அம்மையார்குப்பம். நெசவாளர் ஊர். அந்த ஊர் மக்களுக்கு இந்தக் கணக்கை விளக்குவது எளிது.

12 சிட்டம் நூல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 தறிக்குப் பிரிக்கலாம். 3 தறிக்கும் பிரிக்கலாம். 4 தறி, 6 தறி என்றாலும் சரியாக வரும். யாருக்கும் மனக்குறை இல்லை.

13 சிட்டம் வந்தால்? ஒரே தறிக்குக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் 13 தறிக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். நடுவே வேறு வழி கிடையாது. 13 ஒரு பகா எண்.

2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29 என்று இந்த எண்கள் போகின்றன. 100-க்குள் 25 பகா எண்கள் இருக்கின்றன. 1000-க்குள் 168. பத்து லட்சத்துக்குள் 78,498. மேலே போகப் போக இவை அரிதாகின்றன. ஆனால் முடிந்து போவதில்லை. சில இடங்களில் இரண்டு பகா எண்கள் பக்கத்துப் பக்கத்து வீடு போல நெருங்கி நிற்கின்றன. சில இடங்களில் நெடுந்தூரத்துக்கு ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை.

அடுத்த பகா எண் எங்கே இருக்கும்? ஓர் எல்லைக்குள் எத்தனை இருக்கும்? உலகத்துக் கணித அறிஞர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட கேள்விகள் இவை. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒரு குமாஸ்தாவும் இந்தக் கேள்விகளைத் துரத்தினார். துரத்திய இடத்தில் ஒருமுறை இடறி விழுந்தார். பிறகு அதே இடத்தில் எழுந்து நின்று வென்றார்.

அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

ஜவுளிக் கடைக் கணக்கர் மகன்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ந் தேதி ஈரோட்டில், தாயின் பிறந்தகத்தில் பிறந்தார். மறு ஆண்டு, 1888-ல், திருத்தணியில் இன்னொரு குழந்தை பிறந்தது. அது பின்னாளில் இந்தியாவின் ஜனாதிபதியாக விளங்கிய டாக்டர் ராதாகிருஷ்ணன். ஒருவர் தத்துவத்திலும் மற்றவர் கணிதத்திலும் உலகப் புகழ் பெற்றார்கள்.

ராமானுஜனின் தந்தை சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். சேலைகளை எண்ணி, விலை போட்டு, பேரேட்டில் பதிவது அவர் வேலை. சம்பளம் சொற்பம். தாய் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். குடும்பத்தில் பசி எட்டிப் பார்த்த நாட்கள் உண்டு.

இரண்டு வயதில் ராமானுஜனுக்குப் பெரியம்மை கண்டது. பிழைத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1897-ம் ஆண்டு ஆரம்பப் பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

பதினாறு வயதில் அவர் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்தது. சுமார் 5,000 கணித முடிவுகள் வரிசையாக அதில் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இல்லை. இருந்தவையும் இரண்டொரு வரிதான். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு அது உப்புச் சப்பில்லாத புத்தகம். ராமானுஜனுக்கோ புதையல். ஒவ்வொரு முடிவும் எப்படி வந்தது என்று தாமே கண்டுபிடித்தார். பிறகு புத்தகத்தில் இல்லாதவற்றையும் கண்டுபிடிக்கத் தொடங்கினார்.

அந்தப் புத்தகம் அவருக்கு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது. முடிவைக் காணும் ஆற்றலை வளர்த்தது நன்மை. முடிவை மட்டும் எழுதினால் போதும், நிரூபணம் எழுத வேண்டியதில்லை என்ற பழக்கத்தை உண்டாக்கியது தீமை. அந்தப் பழக்கம்தான் பின்னாளில் பகா எண் விஷயத்தில் அவர் காலை வாரிவிட்டது.

பரீட்சையில் தோல்வி

1904-ல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்காகப் பரிசு பெற்றார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உதவித் தொகையுடன் இடம் கிடைத்தது.

ஆனால் கணிதத்தைத் தவிர வேறு பாடத்தைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. மற்றப் பாடங்களில் தோற்றார். உதவித் தொகை பறிபோனது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். திரும்பி வந்து சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906-லும் 1907-லும் எப்.ஏ. பரீட்சை எழுதினார். இரண்டு முறையும் தோல்வி.

பட்டம் இல்லை. வேலை இல்லை. கையில் காசு இல்லை. காகிதம் விலை அதிகம். ஆகவே சிலேட்டில் கணக்குப் போடுவார். துணியை எடுத்துத் துடைக்கக்கூட நேரமின்றி முழங்கையாலேயே அழிப்பார். விடை வந்தால் மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். வழி சிலேட்டோடு அழிந்துவிடும். முடிவு மட்டும் நோட்டில் நிற்கும்.

1909-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜானகிக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. பெண்ணுக்கு அப்போது பத்து வயதுதான். குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது. நோட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார்.

நெல்லூர் கலெக்டரின் உதவி

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் ராமசாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர் அவரே. தாலுகா ஆபீசில் ஏதாவது ஒரு குமாஸ்தா வேலை கேட்டு ராமானுஜன் அவரிடம் போனார். நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், இந்த இளைஞரைத் தாலுகா ஆபீசில் அடைத்துப் போடுவது பாவம் என்று உணர்ந்தார். கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

கை மாறிக் கை மாறிக் கடைசியில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார் ராமானுஜன். ராமச்சந்திர ராவ் கணிதம் அறிந்தவர். முதலில் சந்தேகப்பட்டார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். பிறகு வியந்தார். ராமானுஜன் கேட்டது பெரிய உதவி அல்ல. சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட வேண்டும். அவ்வளவுதான். மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார் கலெக்டர்.

1911-ல் ராமானுஜனின் முதல் கட்டுரை இந்தியக் கணிதச் சங்க இதழில் வெளிவந்தது. பிறர் கையை நெடுநாள் எதிர்பார்க்க அவருக்கு விருப்பமில்லை. 1912-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே மேல் அதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதப் பித்தர். இருவரும் இரவில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்.

சீமைக்குப் போன கடிதம்

நண்பர்கள் தூண்டியதால் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். இரண்டு பேரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. மூன்றாவது கடிதம் 1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதியிட்டு, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குப் போயிற்று.

அந்தக் கடிதத்தில் தம்மை 20 பவுன் ஆண்டுச் சம்பளக் குமாஸ்தா என்று அறிமுகம் செய்துகொண்டார். கூடவே பக்கம் பக்கமாகக் கணித முடிவுகள். ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் ஓர் இரவு உட்கார்ந்து அவற்றைப் பார்த்தார்கள். சில முடிவுகள் ஏற்கனவே தெரிந்தவை. சில புதியவை. சில, அவர்களாலேயே நிரூபிக்க முடியாதவை. இதை எழுதியவர் ஏமாற்றுக்காரர் அல்ல, மேதை என்று முடிவுக்கு வந்தார்கள்.

அந்தக் கடிதத்தில் பகா எண்களைப் பற்றியும் ஒரு செய்தி இருந்தது. ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று சொல்லும் சூத்திரத்தைத் தாம் கண்டுவிட்டதாகவும், அதில் வரும் பிழை மிகச் சிறியது என்றும் ராமானுஜன் எழுதியிருந்தார்.

உண்மையானால் அது உலகத்தையே திருப்பிப் போடும் செய்தி!

இடறிய இடம்

சூத்திரம் நல்ல சூத்திரந்தான். 1000-க்குள் 168 பகா எண்கள் உண்டு. சூத்திரமும் ஏறக்குறைய அதே விடையைக் கொடுத்தது. பத்து லட்சம் வரை போனால்கூட வித்தியாசம் 30-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். 78,498-ல் 30 என்பது எம்மாத்திரம்?

ஜெர்மனியில் ரீமான் என்ற மேதை 1859-ல் கண்ட சூத்திரமும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே. ரீமானின் கட்டுரையைப் பாராமலே, கும்பகோணத்துத் திண்ணையில் உட்கார்ந்து, சிலேட்டும் பலப்பமுமாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார் ராமானுஜன். அது அதிசயம்.

ஆனால் பிழை எப்போதும் சிறியதாகவே இருக்கும் என்று அவர் நம்பியது தவறு.

துறைமுகத்துக்குள் தண்ணீர் அமைதியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கடல் முழுவதும் இப்படித்தான் என்று சொன்னால் சரியாகுமா? சுவரைத் தாண்டினால் அலை. இன்னும் போனால் மலை போல அலை. பகா எண்களும் அப்படித்தான். சிறிய எண்களில் பிழை அடங்கிக் கிடக்கிறது. எண்கள் பெரிதாக ஆக, பிழையும் ஏறி இறங்கி, எந்த எல்லையிலும் நிற்காமல் ஆடுகிறது. அந்த அலைகளை உண்டாக்கும் நுட்பமான கணிதம் ராமானுஜனுக்கு அப்போது தெரியாது. அதைச் சொல்லும் புத்தகம் அவர் கண்ணில் பட்டதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. காஸ் என்ற பழைய மேதை சொன்ன கணக்கு ஒன்று இருந்தது. அது உண்மையான எண்ணிக்கையைவிட எப்போதும் சற்று அதிகமாகவே காட்டியது. ஆயிரம், லட்சம், கோடி என்று எங்கே பார்த்தாலும் அதிகந்தான். ஆகவே என்றும் அப்படித்தான் என்று பலரும் எண்ணினார்கள். 1914-ல் லிட்டில்வுட் அது தவறு என்று நிரூபித்தார். எங்கோ ஓரிடத்தில் கணக்கு குறைவாகக் காட்டும், அதுவும் முடிவில்லாமல் பல முறை காட்டும் என்றார். அப்படி மாறும் ஓர் இடம் 317 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணுக்கு அருகே இருக்கிறது என்று பின்னால் தெரிய வந்தது.

கோடி முறை சரியாக வந்தாலும், அடுத்த முறை தவறலாம். நிரூபணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

கப்பல் பயணம்

ஹார்டி அந்தத் தவறைக் கண்டார். ஆனால் தவறைக் கண்டு கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. தவறிலும் ஒரு பெரிய அறிவு தெரிகிறது என்று புரிந்துகொண்டார். நிரூபணங்களை எழுதி அனுப்பும்படி கேட்டார். இங்கிலாந்துக்கு வரும்படி அழைத்தார்.

சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு அப்படிக் கொடுத்தது அந்த நாளில் பெரிய காரியம்.

கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்று வீட்டார் தயங்கினார்கள். குலதெய்வமாகிய நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததால் தாய் சம்மதித்தார் என்று சொல்வார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்திருந்த நெவில் என்ற பேராசிரியர் ஏற்பாடுகளைக் கவனித்தார். 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி 'நெவாசா' என்ற கப்பலில் ராமானுஜன் புறப்பட்டார். இளம் மனைவி ஜானகி மாமியாருடன் இங்கேயே தங்கினார்.

ஐந்து ஆண்டுகள்

அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. லிட்டில்வுட் போர்ப் பணிக்குப் போய்விட்டார். ராமானுஜன் சுத்த சைவம். தாமே சமைத்துச் சாப்பிட்டார். போர்க் காலத்தில் காய்கறிக்குத் தட்டுப்பாடு. குளிரோ கொடியது. கணக்கில் உட்கார்ந்தால் நேரம் தெரியாது. சமையலும் சாப்பாடும் தள்ளிப் போகும்.

ஆனால் வேலை நடந்தது. ஹார்டி பக்குவமாக நிரூபணக் கலையைச் சொல்லிக் கொடுத்தார். ஊற்றை அடைத்துவிடாமல் வாய்க்கால் வெட்டுவது போன்ற வேலை அது.

1915-ல் ராமானுஜன் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அது பகா எண்ணுக்கு நேர் எதிரான எண்களைப் பற்றியது. பகா எண்ணைப் பங்கு போட முடியாது. இவையோ தம்மைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வழிகளில் பங்கு போடக்கூடியவை. 12, 24, 60, 120 இந்த வகை. 60-ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள் 12 இருக்கின்றன. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. ஒரு நாளுக்கு 60 நாழிகை என்று நம் முன்னோர் வைத்ததும், ஒரு மணிக்கு 60 நிமிஷம் என்று இருப்பதும் எத்தனை வசதி என்று இப்போது விளங்கும்.

அந்தக் கட்டுரையே அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டத்தை 1916-ல் வாங்கிக் கொடுத்தது. இரண்டு முறை எப்.ஏ. தவறியவர் பட்டதாரி ஆனார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ ஆனார். அந்தக் கல்லூரியில் அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

இருபத்தாறு இலக்கப் பகா எண்

1916-ல் அவர் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஓர் எண் வரிசை வருகிறது. முதல் எண் 1. இரண்டாவது 24, ஆனால் எதிர்க் குறியோடு. மூன்றாவது 252. நான்காவது எதிர்க் குறியோடு 1472. ஐந்தாவது 4830. இப்படி முடிவில்லாமல் போகும். இதற்கு 'டௌ' வரிசை என்று பெயர்.

இந்த வரிசையில் ராமானுஜன் சில விதிகளை ஊகித்தார். ஒரு விதியை மறு ஆண்டே வேறொருவர் நிரூபித்தார். இன்னொரு விதியை நிரூபிக்க உலகத்துக்கு 58 ஆண்டுகள் ஆயின. 1974-ல்தான் டெலீன் என்ற பெல்ஜிய அறிஞர் அதை நிரூபித்தார்.

இந்த வரிசையில் பகா எண் எங்கேயாவது வருமா? தேடினார்கள். ஆயிரம் வரை இல்லை. பத்தாயிரம் வரை இல்லை. 63,001-வது இடத்தில்தான் முதல் பகா எண் வருகிறது என்று லேமர் என்ற அமெரிக்க அறிஞர் 1965-ல் எழுதினார். எதிர்க் குறியை விட்டுவிட்டால் அந்த எண் இதுதான்:

80561663527802406257321747

எண்ணிப் பாருங்கள். 26 இலக்கங்கள். இத்தனை பெரிய எண்ணை 1-ம் அதுவுமே அன்றி வேறு எந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் வகுக்க முடியாது.

இன்னும் ஓர் அதிசயம் கேளுங்கள். இந்த வரிசையை 691 என்ற பகா எண்ணால் வகுத்தால் என்ன மீதி வரும் என்பதற்கும் ராமானுஜனிடம் ஒரு விதி இருக்கிறது. இடத்தின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டே மீதியைச் சொல்லிவிடலாம். 63,001-வது இடத்துக்கு அந்த விதி 206 என்று சொல்கிறது. பொறுமையுள்ள பிள்ளைகள் மேலே உள்ள 26 இலக்க எண்ணை 691-ஆல் வகுத்துப் பார்க்கலாம். மீதி 485 வரும். 206-ஐயும் 485-ஐயும் கூட்டினால் 691. எதிர்க் குறி இருப்பதால்தான் இப்படி இரண்டும் சேர்ந்து 691 ஆகிறது. 1916-ல் ராமானுஜன் எழுதியதும், பல பத்தாண்டுகள் கழித்துக் கண்ட எண்ணும் இம்மி பிசகாமல் பொருந்துகின்றன.

நோயும் 1729-ம்

1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. காச நோய் என்று அன்று வைத்தியம் பார்த்தார்கள். அது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994-ல் ஒரு மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். அப்படியானால் அது அந்த நாளிலேயே குணப்படுத்தக் கூடிய நோய். நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

லண்டனுக்கு அருகே பட்னியில் அவர் படுத்திருந்தபோது ஹார்டி பார்க்கப் போனார். வந்த வாடகைக் காரின் எண் 1729. சுவையில்லாத எண் என்று ஹார்டி சொன்னார். உடனே ராமானுஜன் மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார். 1-ன் கனமும் 12-ன் கனமும் சேர்ந்தால் 1729. 9-ன் கனமும் 10-ன் கனமும் சேர்ந்தாலும் 1729. அதைப் பகா எண்களாக உடைத்தால் 7, 13, 19 என்று மூன்று துண்டுகள் வரும்.

திருத்தணி வழியே

போர் முடிந்தது. 1919-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி ராமானுஜன் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கினார். பம்பாய் மெயிலில் சென்னைக்குப் புறப்பட்டார். அந்த ரயில் பாதை குண்டக்கல், ரேணிகுண்டா தாண்டி, திருத்தணி மலை அடிவாரத்தின் வழியே அரக்கோணம் வந்து, சென்னைக்குப் போகிறது. புகழின் உச்சியில் இருந்தவர், எலும்பும் தோலுமாக, நம் மலையைக் கடந்து போனார். ஏப்ரல் 2-ந் தேதி சென்னை வந்து சேர்ந்தார்.

கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் சென்னைச் சேத்துப்பட்டில் தங்கினார். ஜானகி பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். நெஞ்சு வலிக்கும்போது வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தார். இவரோ படுக்கையிலும் காகிதம் கேட்டார். ஜானகி எடுத்துக் கொடுப்பார். எழுதிய தாள்களைச் சேர்த்துப் பெட்டியில் வைப்பார்.

எழுந்து நின்ற இடம்

அந்த 1919-ம் ஆண்டில்தான் இந்தியக் கணிதச் சங்க இதழில் ராமானுஜனின் ஒரு சிறு கட்டுரை வந்தது. இரண்டே பக்கம். விஷயம் பகா எண்!

எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதற்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது இருந்தே தீரும் என்பது ஒரு பழைய கருத்து. பெர்ட்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னது. 10-க்கும் 20-க்கும் நடுவே 11, 13, 17, 19 இருக்கின்றன. 100-க்கும் 200-க்கும் நடுவே 21 இருக்கின்றன. இது எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்று ரஷ்யாவில் செபிஷேவ் முதலில் நிரூபித்தார். அந்த நிரூபணம் நீளமானது. ராமானுஜன் அதை இரண்டு பக்கத்தில் முடித்தார்.

அதோடு விடவில்லை. 11-லிருந்து எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதியைத் தாண்டி அந்த எண் வரைக்கும் குறைந்தது 2 பகா எண்கள் இருக்கும். 17-லிருந்து குறைந்தது 3. 29-லிருந்து 4. 41-லிருந்து 5. இப்படி வரிசையாகச் சொன்னார். 2, 11, 17, 29, 41 என்ற இந்த எண்களுக்கு இன்று 'ராமானுஜன் பகா எண்கள்' என்றே பெயர்.

1913-ல் நிரூபணம் இல்லாமல் எழுதிய பகா எண் செய்தி பிழையாகிவிட்டது. 1919-ல் எழுதிய பகா எண் செய்தியில் எல்லாப் படியும் இருக்கிறது. ஒரு படியைக்கூட யாராலும் அசைக்க முடியாது. உடல் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் வந்த வெற்றி இது.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி ராமானுஜன் காலமானார். வயது 32. இறப்பதற்கு நாலு நாள் முன்பு வரை கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார் என்று ஜானகி அம்மாள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அவருக்குப் பிறகு

ஜானகி அம்மாள் தையல் கற்றார். திருவல்லிக்கேணியில் துணி தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். கணவரின் புகழை நெடுநாள் இருந்து கண்டுவிட்டு 1994-ல் மறைந்தார். ஜவுளிக் கடைக் கணக்கில் தொடங்கிய குடும்பக் கதை தையல் இயந்திரத்தில் முடிந்தது.

ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்கள் 1957-ல் அச்சாயின. அவற்றில் உள்ள ஒவ்வொரு முடிவையும் சரி பார்க்க அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் பல ஆண்டுகள் உழைத்தார். கடைசிக் காலத்துத் தாள்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கிடைத்தன. 2012-லிருந்து டிசம்பர் 22 தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ராமானுஜன் வாழ்ந்த காலம் முழுவதும் உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் 39 இலக்கம் கொண்டது. 2-ஐ 127 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் அது வரும். 1876-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டார். 1951 வரை அதை மிஞ்ச ஆள் இல்லை. பிறகு கணிப்பொறி வந்தது. 2024-ல் கண்ட ஒரு பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள்!

ஆனாலும் கடைசிப் பகா எண் என்று ஒன்று இல்லை. 2, 3, 5 மட்டுமே பகா எண்கள் என்று யாராவது சொன்னால், மூன்றையும் பெருக்குங்கள். 30. ஒன்றைக் கூட்டுங்கள். 31. அதை 2, 3, 5 எதனால் வகுத்தாலும் 1 மிஞ்சும். ஆகவே பட்டியலில் விட்டுப்போன ஒரு பகா எண் இருந்தே தீர வேண்டும். எத்தனை நீளமான பட்டியல் கொடுத்தாலும் இதே கதைதான். கிரேக்க நாட்டு யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பாங்கிக் கணக்கையும், கைப்பேசியில் அனுப்பும் செய்தியையும் திருடன் படிக்காமல் பூட்டி வைக்கும் பூட்டு ஒன்று 1977-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கினால் அந்தப் பூட்டு தயார். பெருக்கிய எண்ணை எல்லோரும் பார்க்கலாம். உடைத்து அந்த இரண்டையும் காண்பதுதான் கஷ்டம்.

அடுத்த முறை திருத்தணிப் படி ஏறும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். படியை எண்ணச் சொல்லுங்கள். 2-வது படி, 3-வது படி, 5-வது படி, 7-வது படி என்று பகா எண் படிகளில் மட்டும் ஒரு நொடி நிற்கச் சொல்லுங்கள். உச்சிக்குப் போவதற்குள் 72 இடங்களில் நிற்பார்கள்.

எந்தப் படியில் நிற்பது என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்றும் கேளுங்கள். விடையை மட்டும் சொன்னால் போதாது. வழியையும் சொல்ல வேண்டும். கும்பகோணத்துப் பிள்ளை கடல் தாண்டிப் போய்க் கற்று வந்த பாடம் அதுதான்.